கிணற்றடியில் யாரும் வழுக்கி விழவில்லை

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் கரமனை தாய்சேய் நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறதென்று வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நிலையத்துக் காவல்காரன் வேலாயுதன் வாசலில் வந்து நின்றான். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனவன். தூக்குப் பாத்திரம் மூடி திறக்காமல் அப்படியே கையில் இருந்தது.

"மீனாட்சியம்மே, நம்மட எஸ்தர் சேச்சி போயி" என்றான்.

கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டேன். படுத்திருந்த பெண்தான் பயந்துபோய், "என்னக்கா, கொழந்தைக்கு ஏதாவதா?" என்று எழுந்து உட்கார்ந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எஸ்தர் பாக்கியம் அவர்கள் விஷ ஜுரத்தில் காலமானார். எங்கள் நிலையத்தின் தலைமை மருத்துவச்சி. ஐம்பது வயதைத் தொட்டிருக்க மாட்டார். அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெடிய, கறுத்த உருவம். வெள்ளைச் சேலை. எந்த வெயிலிலும் விரிக்காத ஒரு குடை; அது நாய்களுக்காக என்பார். இடது முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகப் பொருந்தியிருக்கும். அந்தக் கோணல் எங்கள் வீட்டில் உண்டானது. அந்தக் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத என்னால் முடியாது.

கல்குளம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலையும் பிரசவ வேலையும் கற்று, திருவனந்தபுரத்துக்கு வந்தவர். ஊர்ப் பெரியவர்கள் சிலர் கமிட்டியாகச் சேர்ந்து நடத்திய எங்கள் நிலையத்தில், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் வேலை அவருக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த வேலையில் இவ்வளவு வெறி எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "செத்துக் கெடக்க பிள்ளையக் கண்ணால கண்டது போராதா? இன்னும் ஒரு காரணம் வேணுமாக்கும்?" என்று எரிந்து விழுந்தார்.

அந்தக் காலத்தில் கமிட்டியார் மாதம் ஒரு தடவை கூடுவார்கள். இறந்து பிறந்த குழந்தைகள் இத்தனை, பிறந்து ஒரு வாரத்துக்குள் போனவை இத்தனை என்று ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஏழைகள் இருக்கும் இடங்களுக்குப் பால் அனுப்பலாம் என்று முடிவாகும். ஒரு கூட்டத்தில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்த எஸ்தரக்கா, அனுமதி கேட்காமலே பேசினாராம். "எத்தனைன்னு தெரியுது. எதுக்குன்னு தெரியாண்டாமா? எதுக்குச் செத்துதுன்னு தெரிஞ்சாத்தானே எந்தத் தெருவுக்கு என்ன கொண்டு போகணும்னு தெரியும்!"

அதிலிருந்து, குழந்தை தவறிய ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போனார். சில நாள் கழித்து, அழுகை சற்று அடங்கியபின், தாயுடன் தனியே உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

முதலில் கடற்கரைக் குடில்கள். அங்கே நன்றாகப் பிறந்த குழந்தைகள் நாலைந்து நாளில் தாடை இறுகி, உடம்பு வில்லாய் வளைந்து செத்தன. கொப்பூழ்க்கொடியை மீன் அரியும் கத்தியால் அறுத்துச் சாம்பலை அப்புகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். ஒரு நாள் அவர் ஒரு குடிலுக்குள் நுழைந்தபோது, பிரசவம் பார்க்கும் வயற்றாட்டிக் கிழவி ஒருத்தி வலி எடுத்துக் கிடந்தவளின் வயிற்றில் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். எஸ்தரக்கா அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கிழவியின் வாயில் ரத்தம் வந்தது. கிழவியின் பிள்ளைகள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு அவரை மணலில் வெகுதூரம் துரத்தினார்கள்.

மறு வாரம் அதே குடிலுக்குப் போய், "அடிச்சது தப்பு. கை முந்திப்போச்சு" என்று கிழவியிடம் மன்னிப்புக் கேட்டார். கூடவே ஒரு புதுக் கத்தரிக்கோலும் அதைக் கொதிக்க வைக்க ஒரு சட்டியும் கொடுத்தார். கிழவி அதை வாங்கிக்கொண்டது மட்டுமில்லாமல், பக்கத்துக் குடில்களின் வயற்றாட்டிகளையும் இழுத்து வந்து உட்கார வைத்தாள். தாடை இறுகிச் சாகும் குழந்தைகள் அந்தக் கரையில் குறைந்துபோயின. கமிட்டியார் மெச்சினார்கள்.

அடுத்து ஸ்ரீவராகம் என்று அவர் சொன்னபோது சிரித்தார்கள். "அங்கே எல்லாம் படித்தவர்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, டாக்டர் வீட்டுக்கே வருகிறார். அங்கே எதற்கு?" என்றார்கள். அங்கேயும் குழந்தைகள் இறந்துதான் பிறக்கின்றன என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில்தான் நான் இருந்தேன். பதின்மூன்று வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் கணவராயிருந்தவர் சர்க்கார் கச்சேரியில் நல்ல உத்தியோகம் பார்த்தார். சந்தியாவந்தனம் தவறாதவர், வெளியில் அதிர்ந்து பேசாதவர். அவரைப் பற்றி மரியாதையாகவே எழுதுகிறேன். பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. சட்டைக்குப் பொத்தான் தைத்து வைக்காத ஒரு காலையில், எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்ற என்னை இடுப்பில் உதைத்தார். சுவரில் மோதித் திரும்பியபோது மறுபடி உதைத்தார். பிறகு வேறு சட்டை போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போனார். அன்றிலிருந்து வயிற்றில் அசைவு இல்லை. பிறந்தது ஆண் குழந்தை. உடம்பு நீலம் பாரித்திருந்தது. அதற்கு முன் இரண்டு இப்படியே போயின. பிறப்பு இறப்பை எழுதிக்கொண்டுபோக வந்தவரிடம் "பலவீனம்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள்.

தீட்டுக் காலத்தில் கொல்லையை ஒட்டிய இருட்டறையில் கிடந்தேன். யாரும் தொட மாட்டார்கள். சோறு வாசற்படியில் வரும். ஒரு மத்தியானம் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு எஸ்தரக்கா வந்தார். மாமியார் பதறிப்போய், "நீ ஆரு? உள்ள வரப்படாது" என்றார்.

"இப்ப இவளையும் நீங்க தொட மாட்டேள், என்னையும் தொட மாட்டேள். தொடக்கூடாத ரெண்டு பேரும் ஒரு முறிக்குள்ள இருந்தா உங்களுக்கு என்ன நஷ்டம், அம்மா?" என்றார் எஸ்தரக்கா. மாமியார் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார். அவர் அடுக்களைக்குப் போய்விட்டார்.

எஸ்தரக்கா வெறுந்தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பால் கட்டி வலித்த என் மார்பில் துணியைச் சுற்றிக் கட்டினார். அதன் பிறகு, "வயித்துல அடி ஏதும் பட்டுதா, மக்களே?" என்று கேட்டார்.

"கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்."

"எல்லா ஊர்லயும் கெணறு இருக்கு. எல்லாவளும் தண்ணி கோருகா. இந்தத் தெருவுல மாத்திரம் வயித்துப் பிள்ளைக்காரி ஒவ்வொருத்தியா வழுக்கி விழுகாளே, அது ஏன்?" குரலில் கேலி இல்லை. "நீ சொன்ன இதே சொல்ல நான் இந்தப் பக்கம் எத்தனை வீட்டுல கேட்டாச்சு தெரியுமா? உன் பேரை எங்கயும் சொல்ல மாட்டேன். எதுக்குப் போச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தத காப்பாத்தலாம்."

அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் கிணற்றடியில் விழுந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்களைத் தினமும் கோயிலில் பார்க்கிறேன், கோலம் போடும்போது பார்க்கிறேன். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டதில்லை. நான் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

கமிட்டிக் கூட்டத்தில் அவர் பெயரோ வீடோ சொல்லவில்லை. கடற்கரையில் குழந்தைகளைக் கொன்றது அழுக்குக் கத்தி. கயிறு திரிக்கிறவர்களின் குடிசைகளில் பட்டினி. வசதியான தெருக்களில் உதை. "கத்திக்குக் கத்தரிக்கோல் குடுத்தோம். பட்டினிக்குப் பால் குடுக்கியோ. உதைக்கு என்ன குடுக்கப் போறியோ?" என்று கேட்டாராம். ஒரு பெரிய மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, குடும்பங்களை அவமானப்படுத்துகிறாய், சாட்சி எங்கே என்று கத்தினார். "செத்தது சாட்சி இல்லியா?" என்றார் எஸ்தரக்கா.

செய்தி தெருவுக்கு வர நாளாகவில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவர் குடியிருந்த வீட்டின் ஓடுகளைக் கல்லெறிந்து உடைத்தார்கள். ஒரு காலையில் கழுத்தறுத்த கோழி ஒன்று கதவில் தொங்கியது. ரத்தம் படி வழியே வடிந்து உறைந்திருந்தது. அவர் அதைக் கழற்றி, கொதிநீரில் முக்கி, இறகு பறித்துக் குழம்பு வைத்துவிட்டார் என்று வேலாயுதன் இன்றும் சொல்லிச் சிரிப்பான்.

நான் மறுபடி கர்ப்பமானேன். ஒரு தடவை குழந்தையை இழந்தவர்களை ஆறாம் மாதத்திலிருந்து தவறாமல் போய்ப் பார்ப்பது என்று எஸ்தரக்கா ஒரு முறையை ஏற்படுத்தியிருந்தார். கணவர் கச்சேரிக்குப் போன பிறகு கொல்லை வழியாக வருவார். மாமியார் கண்டும் காணாததுபோல இருப்பார். அப்படி ஒரு நாள் வந்தார். அன்று கோயில் ஆறாட்டு விடுமுறை என்பது அவருக்கு நினைவில்லை.

என் கணவர் கொல்லையில் நின்றிருந்தார். "நீதானாடி மீட்டிங்கில எங்க தெருவைப் பத்திப் பேசினவ?" என்றார்.

"நான் உங்களைப் பாக்க வரல்ல. இந்தப் பிள்ளையப் பாக்க வந்தேன். வெலகி நில்லுங்க."

உரல் பக்கத்தில் உலக்கை சாத்தியிருந்தது. என் கணவர் அதை எடுத்து எஸ்தரக்காவின் தலையைக் குறிவைத்து வீசினார். எஸ்தரக்கா இடது கையைத் தூக்கித் தடுத்தார். காய்ந்த தென்னைமட்டை முறிவதுபோல ஒரு சத்தம். கை தொங்கிப்போயிற்று. நான் குறுக்கே ஓடினேன். உலக்கையின் மறுமுனை என் தோளில் இறங்கியது. அதோடு உதையும் விழுந்தது. துவைக்கிற கல்லின் விளிம்பில் வயிறு மோத விழுந்தேன்.

அதற்குப் பின் நடந்ததை நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். எஸ்தரக்கா நல்ல கையால் பைக்குள்ளிருந்து கிருமி கொல்லும் லைசால் சீசாவை எடுத்தார். தக்கையைப் பல்லால் கடித்துப் பிடுங்கித் துப்பினார். சீசாவில் இருந்ததை அப்படியே என் கணவர் முகத்தில் வீசினார். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறிய அலறல் வடக்கு மாடவீதி வரை கேட்டிருக்கும். எஸ்தரக்கா விடவில்லை. கீழே விழுந்த உலக்கையை ஒற்றைக் கையால் தூக்கி அவர் தோளில் போட்டார். முழங்கால் மடிந்து விழுந்தவரின் முதுகில் இன்னொன்று. மூன்றாவதற்கு ஓங்கியபோது நான் தவழ்ந்து போய் எஸ்தரக்காவின் காலைக் கட்டிக்கொண்டேன். "அக்கா, மதி! போதும்!" என்றேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இன்னும் ஓர் அடி விழுந்திருந்தால் கொலையாகியிருக்கும். அது அவருக்கும் தெரிந்தது.

அக்கிரகாரத்தின் நடுவே நாங்கள் இருவரும் நடந்தோம். என் காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் கை துணிபோல ஆடியது. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். ஒரு வண்டி கூப்பிட ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தெருக்கோடியில் ஒரு குதிரைவண்டிக்காரன் எங்களைக் கண்டதும் கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை நிலையத்தில் குழந்தை பிறந்தது. பெண். உயிரோடு பிறந்தாள், அழுதாள். என் குழந்தைகளில் நான் குரல் கேட்டது அவள் ஒருத்தியுடையதுதான். மாதம் நிறையாத உடம்பு, உள்ளங்கை அகலம். பஞ்சில் சுற்றி, பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தோம். பெயர் வைக்கும் நாள் வருமுன்னே அடங்கிவிட்டாள்.

கையில் பட்டை கட்டியிருந்த எஸ்தரக்கா என் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தார். எல்லாத் தாய்மாரிடமும் கேட்பதுபோல என்னிடமும் கேட்கத் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்தது. "நீங்களே பாத்தேளே அக்கா!" என்றேன்.

"பாத்தேன். நான் வந்த அன்னிக்கு அடி விழுந்துது. நான் வராம இருந்தா விழுந்திருக்குமா?"

"வேற ஒரு நாள் விழுந்திருக்கும்."

"அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நடந்ததத்தான் சொல்லணும், மக்களே."

அப்படியே கமிட்டியில் சொன்னார். இந்தக் குழந்தை இறந்ததற்குக் காரணம் அடி. அந்த அடி விழுந்ததற்கு மருத்துவச்சி அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குப் போனதும் ஒரு காரணம். அவரை வெளியே தள்ளக் காத்திருந்தவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்! ஆனால் அந்த ஒரு சாவிலிருந்துதான் எங்கள் இன்றைய முறைகள் வந்தன. ஆபத்துள்ள வீட்டுக்குள் மருத்துவச்சி போவதில்லை. பெண் வெளியே வருவதற்கு வழி செய்வது. பெண்கள் ஆற்றுக்குக் குளிக்க வருவதை எந்த வீட்டிலும் தடுப்பதில்லை. அதனால்தான் நிலையம் கரமனைப் படித்துறைக்கு அருகே மாறியது. அடிபட்டுக் குழந்தை இழந்தவர்கள் கடைசி மாதங்களில் வந்து தங்க இரண்டு அறைகள் போட்டதும் அப்போதுதான். யாரும் தனியே போகக்கூடாது என்பதும் அன்றைய விதி.

என் கணவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. எஸ்தரக்காமேல் வழக்குப் போட்டார். தெருவிலிருந்து வந்த ஆண்கள், அவள்தான் உள்ளே புகுந்து தாக்கினாள் என்று சத்தியம் செய்தார்கள். நான் சொன்னதை, புருஷனை விட்டு ஓடியவளின் பேச்சு என்று வக்கீல் ஒதுக்கினார். கடைசியில் என் மாமியாரை மகனுக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்கள். தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு நின்றார்.

"உங்கள் மருமகள் முன்பும் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததுண்டு, இல்லையா?" என்று கேட்டார் வக்கீல்.

மாமியார் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வழுக்கி விழுந்தேன்னு நானும் சொல்லியிருக்கேன். இவன் தோப்பனார் காலத்துல. எங்காத்துக் கெணத்தடி பாசி பிடிக்காத கருங்கல்லாக்கும். அங்க ஆரும் விழல்லை. இவன் உதைச்சான். நான் அடுக்களை வாசல்ல நின்னு பாத்துண்டிருந்தேன்."

மகன் எழுந்து, "அம்மா!" என்று கத்தினார். மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்தரக்காவுக்கும் என் கணவருக்கும் அபராதம் விதித்து வழக்கை முடித்தார்கள். அன்று மாலை மாமியார் மகன் வீட்டுக்குப் போகவில்லை. என் பின்னாலேயே நடந்து வந்தார். இன்று வரை நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

எஸ்தரக்காவைக் கமிட்டியார் மலையடிவாரத்து வித்துராவில் திறந்த ஒரு சின்னக் கிளைக்கு அனுப்பினார்கள். நன்மைக்கென்று சொன்னாலும் அது தண்டனைதான். நான் பிரசவ வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்திருந்தேன். சில மாதம் அவரோடு அங்கே இருந்தேன். மேலே மலைத் தோட்டங்களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் தேயிலைக் கொழுந்து பறித்தார்கள். அங்கேயும் அவர் அதே கேள்வியைக் கேட்டார். நிறைமாதத்தில் மூட்டை தூக்கிச் சரிவில் இறங்கியவர்களுக்கே அதிகமாகக் குழந்தை தவறியது. தயங்கி நின்றவளைக் கங்காணி பிரம்பால் அடித்தான். கேள்வி கேட்ட எஸ்தரக்காமேல் நாயை ஏவிவிட்டான். நாய் அவர் கெண்டைக்காலில் சதையைப் பிய்த்தது. அவர் குடையால் அதை அடித்து விரட்டிவிட்டு, ரத்தம் ஒழுக ஒழுகத் தோட்டத் துரையின் பங்களாவுக்கு ஏறிப் போனார். எந்த வேலைக்குப் பிறகு எத்தனை தாய்மார் குழந்தை இழந்தார்கள் என்று அவர் முன்னால் நின்று சொன்னார். நிறைமாதக்காரிகளுக்கு மூட்டை கூடாது என்று உத்தரவு வந்தது. கங்காணி போகவில்லை, பிரம்பும் முழுக்கப் போகவில்லை.

சில வருஷங்களில் புதிய கமிட்டி வந்தது. அவரைத் திரும்ப அழைத்தார்கள்.

லைசால் வீசியதற்கு வருந்துகிறீர்களா என்று பின்னொரு நாள் கேட்டேன். "கண்ணு போனதுக்கு வருத்தம் உண்டு. ஜெபத்துல சொல்லுகேன். உலக்கை அடிக்கு இன்னும் வருத்தம் வரல்ல. வந்தா அதையும் சொல்லுவேன்" என்றார்.

இப்போது ஸ்ரீவராகத்திலும் சுற்றியுள்ள தெருக்களிலும் இறந்து பிறக்கும் குழந்தைகள் முன்பைவிடக் குறைவு. அடி குறைந்துவிட்டதென்று நான் சொல்ல மாட்டேன். அடி விழுவதற்கு முன் எழுந்து வெளியே வரலாம் என்று பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புதன்கிழமை தூறலில் அவரை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்துக்குள் பெட்டி நுழைந்தபோது மதிலுக்கு அப்புறத்திலிருந்து ஒரு கல் வந்து மூடியில் பட்டுத் தெறித்தது. எறிந்தவன் யாரென்று தெரியவில்லை. எங்களால் மனைவியை இழந்ததாக நினைக்கிற யாரோ ஒருவனாக இருக்கலாம். சுமந்தவர்கள் நிற்கவில்லை. பாட்டும் நிற்கவில்லை. கடற்கரையிலிருந்து வந்த பெண்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். என் மாமியார், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கிறிஸ்தவக் கல்லறைக்குள் கால் வைத்தவர், குனிந்து ஒரு பிடி ஈரமண்ணை எடுத்துப் போட்டார்.

எஸ்தரக்கா, இன்று காலை கோட்டைக்கு மேற்கே ஒரு வீட்டில் குழந்தை இறந்து பிறந்ததாகச் செய்தி வந்திருக்கிறது. தாய் இன்னும் வாய் திறக்கவில்லையாம். கூட வர ஒரு பெண் தயாராக வாசலில் நிற்கிறாள். நான் போய்விட்டு வருகிறேன்.